வில்லன் துளசிங்கத்தின் சிரிப்பு

சேலையூர்,
கிழக்கு தாம்பரம்.
12.8.1993

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பத்திரிகைக்கு எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவள் நான் ஒருத்திதான் என்பதால் இதை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் காலமான வில்லன் நடிகர் துளசிங்கத்தின் மகள் நான். "கொடூரத்தின் மறு உருவம் மறைந்தது" என்று தங்கள் இதழில் போட்டிருந்தீர்கள். அப்பா கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நின்று அம்மாவைக் கூப்பிடுகிறவர்.

ஸ்டுடியோவில் வில்லனாக இருப்பது சுலபம் ஐயா, தாம்பரத்தில்தான் கஷ்டம். மார்க்கெட்டில் முருங்கைக்காய் விற்கும் எல்லம்மா, "அந்தப் பொண்ண கெணத்துல தள்ளிட்டு வந்து கொழம்பு கேக்குதா ஒனக்கு?" என்பாள். அப்பா "தப்புதாம்மா" என்று வெறும் பையோடு திரும்புவார். மின்சார ரயிலில் அவர் பக்கத்து இடம் எப்போதும் காலி. பை வைக்க வசதி என்பார். என்னைப் பெண் பார்க்கப் பல்லாவரத்திலிருந்து வந்தவர்களுக்கு அவரே காபி கொண்டுவந்தார், அவர் பாலில் விஷம் கலந்த படம் அப்போதுதான் வெளியாகியிருந்தது, மாப்பிள்ளையின் அத்தை டம்ளரைத் தொடவில்லை, சரி பயம் தெளியட்டும் என்று அப்பா ஒன்றை எடுத்துக் குடித்துக் காட்டினார், சூட்டில் புரையேறிக் கண் பிதுங்கியது, வந்தவர்கள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்கள்.

எல்லாப் படத்திலும் கடைசியில் அப்பா சாக வேண்டும். சாகும் காட்சி எடுத்தால் தோஷம் கழிய, உடனே கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்கச் சொல்வார்கள். அந்தத் துண்டு படத்தில் வராது. அன்றைக்கு வீடு திரும்பினால் அம்மா வாசலிலேயே கேட்பார்: "சிரிச்சீங்களா?" "சிரிச்சேன் தாயாரு" என்றால்தான் உள்ளே விடுவார்.

போன மாதம் ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். சுற்றியிருந்தவர்கள் ஷூட்டிங் என்று நினைத்து விலகி இடம் விட்டார்களாம். ஒருவர் கேமரா எங்கே என்று தேடினாராம். கூடையோடு ரயிலிறங்கி வந்த எல்லம்மாதான், "யோவ், நெசமாவே வுழுந்து கீறாருயா, தூக்குங்க" என்று முன்னால் வந்தாள். ஆஸ்பத்திரி சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வீட்டில் கிடத்தியதும் அம்மா அழவில்லை. குனிந்து, "சிரிச்சீங்களா?" என்று கேட்டார்.

ஆகவே, அவர் நல்லவர் என்று ஒரு வரியாவது தாங்கள் வெளியிட வேண்டும். அம்மா தங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார்.

பணிவுடன்,
து. கனகவல்லி

பின்குறிப்பு: இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாடுபட்டுக் கெட்ட பேரு எடுத்தாரு மனுசன், அத்த கெடுத்துடாதடி" என்கிறார். அதனால் மேலே உள்ள எதையும் வெளியிட வேண்டாம். கேட்கக் கூச்சப்பட்டு எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. வீட்டிலுள்ள அப்பாவின் படங்களெல்லாம் கத்தியோடு முறைப்பவை. அதில் ஒன்றுக்குத்தான் மாலை போட்டிருக்கிறோம். அம்மா நிமிர்ந்து பார்க்காமல் விளக்கேற்றுகிறார். பொங்கல் இதழில், படப்பிடிப்பில் அவர் குண்டடிபட்டுக் கிடப்பதைப் போட்டிருந்தீர்கள். அதை எடுத்த தங்கள் போட்டோகிராபர் இன்னும் ஒரு நிமிடம் அங்கே நின்றிருந்தால், அப்பா எழுந்து சிரித்ததையும் எடுத்திருப்பார். அந்தப் படம் எங்களுக்கு வேண்டும் ஐயா.