பிராணக் கவசமும் ஒரு சொம்புத் தயிரும்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனவர்களைவிடப் பாலகுமாரின் கூட்டத்துக்குப் போனவர்கள் அதிகம். கல்யாண மண்டபத்து வாசலில் பேனர்: 'என் மூக்கு, என் உரிமை!' உள்ளே முந்நூறு மூக்குகள். ஒன்றைத் தவிர எதன் மேலும் துணி இல்லை. சுதந்திரம் என்றால் சும்மாவா? பக்கத்து ஆளின் வியர்வை நாற்றத்தைக்கூடத் தடையில்லாமல் அனுபவிக்கலாம்.

போன வருஷம் வரை வீடு வீடாகத் தண்ணீர் ஃபில்டர் விற்றவர் பாலகுமார். கொரோனா வந்தது, கூடவே அவருக்கு ஞானமும் வந்தது. இப்போது விற்பது 'பிராணக் கவசம்'. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் செம்பு டாலர். மூன்றடிக்குள் எந்தக் கிருமி வந்தாலும் செத்து விழுமாம். விலை ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு. அந்த ஒரு ரூபாய், ஏழைகள் மேல் அவருக்குள்ள இரக்கம்.

ரெமிஜியஸ் போன வாரமே மூன்று வாங்கிவிட்டான். ஒன்றை மாட்டிக்கொண்டு, மனைவிக்கும் தம்பிக்குமானதை மனைவி குளோரியாவிடம் கொடுத்திருந்தான். பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன்; ஒரு மயிரிழை பிசகினாலும் பீஸைத் தூக்கி எறிகிறவன். அந்தக் கறாரெல்லாம் ஃபேக்டரி கேட்டோடு சரி. தம்பி கிளிஃபர்டுக்குக் கிட்னி மாற்றி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சளி பிடித்தாலே உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்ததால், எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் அவன் அறைக்குள் போவார்கள். அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்க ரெமிஜியஸுக்கு நெஞ்சு தாங்கவில்லை.

"இன்னிக்கு மத்தியானம் மாஸ்க்கைக் கழட்டிட்டு அவன் பக்கத்துல உக்காந்து சாப்பிடப் போறேன். அதான் கவசம் இருக்குல்ல?" என்றான் காலையில்.

"நானும் கூட்டத்துக்கு வர்றேங்க. அவரை ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வந்தப்புறம் உங்க இஷ்டம்," என்றாள் குளோரியா. கையில் ஒரு ஒயர் கூடை. மண்டபத்துக்கு மாஸ்க்கோடு வந்த ஒரே ஆள் அவள்தான்.

மேடையில் தர்க்கம் கொட்டியது.

"மாஸ்க் போட்டவனுக்கும் கொரோனா வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு!"

"அப்போ மாஸ்க் வேஸ்ட்!"

கைதட்டல். குடை பிடித்தவனும்தான் நனைகிறான். குடையை யாரும் தூக்கி எறிந்ததாகத் தெரியவில்லை.

"மாஸ்க் போடலைன்னா அரசாங்கம் ஃபைன் போடுது. இன்னிக்கு மூக்கை மூடச் சொல்றவன் நாளைக்குக் கண்ணை மூடச் சொல்ல மாட்டானா?"

அவர் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்த கூட்டம் "ஆமா, ஆமா" என்று கத்தியது.

"கவசம் வாங்கினவங்க ஆயிரம் பேர். ஒருத்தராவது வந்து குறை சொன்னாங்களா?"

"இல்லை!" என்றதில் ரெமிஜியஸின் குரல்தான் உசத்தி.

குளோரியா எழுந்தாள். "அண்ணா, உங்க மூக்கு உங்க உரிமை, சரி. அதுலேர்ந்து வர்ற தும்மல் அடுத்தவங்க மூக்குக்குள்ள போகுதே, அது யார் உரிமை?"

"கவசம் போட்டா தும்மல்ல கிருமியே இருக்காது, சிஸ்டர்."

"எல்லாக் கிருமியும் சாகுமா?"

"எல்லாம்! ஒண்ணு பாக்கியில்லை!"

"குளோரியா, சும்னே உக்காரு," என்று ரெமிஜியஸ் பாதிக் கன்னடத்தில் அதட்டிப் புடவையைப் பிடித்து இழுத்தான். அவளா உட்காருவாள்? கூடையிலிருந்து இரண்டு சொம்புகளை எடுத்தாள். ஒன்றின் கழுத்தில் செம்பு டாலர் தொங்கியது.

"ஒரே பால், ஒரே உறை. பாலைத் தயிராக்குறதும் கிருமிதான். இதுக்குக் கவசம் மாட்டினேன், அதுக்கு மாட்டலை."

இரண்டையும் சாய்த்துக் காட்டினாள். இரண்டிலும் தயிர் கட்டியாக உறைந்திருந்தது.

பாலகுமார் சிரித்தார். எத்தனை வீட்டில் கதவைச் சாத்தினாலும் அசராமல் நின்று ஃபில்டர் விற்றவர் அல்லவா? "தயிர்ல இருக்கிறது நல்ல கிருமி, சிஸ்டர். கவசம் நல்லது கெட்டது பார்த்துதான் கொல்லும்."

"அதானே!" என்றது கூட்டம். அரை நிமிஷத்துக்கு முன்னால் அவர் என்ன சொன்னார் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

"இப்படிச் சொல்வீங்கன்னு தெரியும்ணா," என்று குளோரியா ஒரு டிபன் பாக்ஸை எடுத்தாள். அதன் மேலும் ஒரு டாலர். "நாலு நாள் முந்தின சாம்பார். நாலு நாளா என் கொழுந்தனோட கவசத்தோடதான் இருக்கு. கெட்ட கிருமியெல்லாம் செத்திருக்கும். ஒரே ஒரு ஸ்பூன் சாப்பிடுங்க."

மூடியைத் திறந்தாள். முன்வரிசை எழுந்து ஓடியது. பாலகுமாரின் கை தானாகவே ஜிப்பா பாக்கெட்டுக்குள் போய், புத்தம் புது மாஸ்க் ஒன்றை எடுத்து மூக்கில் அழுத்திக்கொண்டது.



"உங்களுக்கு எதுக்கு சார் மாஸ்க்?" என்றான் ரெமிஜியஸ்.

"அது... ரோட்ல போலீஸ் ஃபைன் போடுவாங்களேன்னு..."

"அப்போ சாம்பாரைச் சாப்பிடுங்க."

பாலகுமார் ஓரடி பின்னால் போனார்.

ரெமிஜியஸ் தன் கழுத்து டாலரைக் கழற்றினான். "எங்க ஷிஃப்ட்டு ரங்காவும் உங்ககிட்டதான் வாங்கினான். அவன் வந்து குறை சொல்லலை. எப்படிச் சொல்லுவான்? பத்து நாளா ஆக்ஸிஜன்ல கிடக்கான். குளிக்கறப்போ கழட்டியிருப்பான்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன்!"

"எங்க சித்தப்பாவும் வாங்கினாரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இன்னொரு குரல் வந்தபோது மேடை காலி. ஞானி சமையல்கட்டு வழியாக வெளியேறியிருந்தார். கலைந்து போனவர்களில் பாதிப் பேர் கழுத்தில் டாலர் அப்படியே தொங்கியது. காசு கொடுத்தாயிற்றே!

மத்தியானம் ரெமிஜியஸ் தம்பியின் அறைக்குள் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு, தட்டோடு உட்கார்ந்தான். உள்ளே கிளிஃபர்ட், வெளியே அண்ணன். இருவருக்கும் நடுவில் ஆறடி தூரம், இருவர் தட்டிலும் குளோரியாவின் கெட்டித் தயிர்.

மூக்கை மூடச் சொன்னபோது உரிமை போயிற்று என்று குதித்தீர்களே, மூளையை மூடச் சொன்னவனுக்கு மட்டும் ஏனய்யா கைதட்டினீர்கள்?