E டிரைவில் அத்துமீறி நுழைந்தமை குறித்து

தூத்துக்குடி,
26.06.2025

பெரியதாழையில் கப்பல் வேலை விடுமுறையைக் கழித்துவரும் மைத்துனர் ஃபிராங்க்ளினுக்கு,

மாதாவின் காவலில் இங்கு நாங்கள் சுகம். உம்முடைய சுகத்தை விசாரிக்குமுன் கீழ்க்கண்டவற்றைப் பதிவு செய்யக் கடமைப்பட்டுள்ளேன்.

1. 20.06.2025: என் கணினியிலிருந்து என் ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கிவிட்டு, அந்தத் துளையில் உம் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றினீர்.
2. 21.06.2025: அதே துளையில் உம் டிஸ்க்கை முதலில் செருகி, என்னுடையதை இரண்டாவதாக வேறொரு துளையில் செருகினீர்.
3. 22.06.2025: E டிரைவை முழுவதும் அழித்தீர்.
4. அதே நாள்: என்னைப் பார்த்துச் சிரித்தீர்.

அந்த டிஸ்க்கில் இருந்தது என்னவென்று நீர் அறிவீர். உம் அக்காள் விஜிலா கோயில் பாடகர் குழுவில் பாடிய பாட்டுகள். வேறெங்கும் பிரதி கிடையாது. தைராய்டு அறுவைக்குப் பிறகு அவள் பேசுகிறாள், முன்னிலும் தெளிவாக ஏசுகிறாள். பாடுவது மட்டும் இல்லை. மாலையில் நான் வேலை முடிந்து வந்து ஒரு பாட்டைப் போடுவேன். அடுப்படியிலிருந்து "சத்தத்தக் குறைங்க" என்பாள். ஆனால் அந்தப் பாட்டு முடியும்வரை கரண்டிச் சத்தம் கேட்காது. அதைத்தான் அழித்தீர்.

நான் துறைமுகத்தில் கப்பல்கள் வந்து நிற்கும் பெர்த்துகளை ஒதுக்குகிறவன். எனக்கு ஒழுங்கு முக்கியம். என் கணினியில் E என்பது என் டிஸ்க்குக்கு, F என்பது நெட்வொர்க் வழியாக வரும் அலுவலகக் கோப்புகளுக்கு. இது வாங்கிய நாள் முதல் உள்ள ஏற்பாடு. ஞாயிறு மதியம் E-ஐத் திறக்கிறேன், காலியாகக் கிடக்கிறது, உம் டிஸ்க்கோ கண்ணிலேயே படவில்லை, என்ன செய்தீர் என்று கேட்டால் நீர் நண்டுக் காலைக் கடித்தபடி, "என் டிஸ்க்கத்தான் அழிச்சேன் அத்தான், கப்பலுக்குப் படம் கொண்டுபோவ எடம் வேணும்லா" என்கிறீர், E என்னுடையது என்று நான் சொல்ல, "இன்னைக்கு அது எனக்குல்லா குடுத்திருக்கு, பெர்த்தப் பாத்தா அத்தான் கப்பல் பேரச் சொல்லுதிய?" என்று நீர் சிரிக்க, விஜிலா "ஏலே, சிரிக்காத, அவிய மொகத்தப் பாரு" என்று சொல்லி முடிக்குமுன் நான் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன்: இந்த வீட்டில் இனி உமக்குச் சோறு கிடையாது.

நீர் கையைக் கழுவிவிட்டு, டிஸ்க்கைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிப் போனீர். இரண்டு டிஸ்க்கும் நீர் சிங்கப்பூரிலிருந்து ஜோடியாக வாங்கி வந்தவை, அதில் ஒன்று எனக்கென்று தந்தது என்பது எனக்கு மறக்கவில்லை. உம் தட்டில் நண்டு பாதியில் கிடந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காக மட்டும் வருந்துகிறேன். மற்ற வாக்கியங்களில் மாற்றமில்லை. அன்றிலிருந்து விஜிலா என்னிடம் பேசுவதில்லை. ஆக, பாட்டும் போயிற்று, ஏச்சும் போயிற்று. வீட்டில் மின்விசிறி மட்டும்தான் சத்தம் போடுகிறது.

நீர் ஜூலை ஒன்பதாம் தேதி கப்பலேறுகிறீர். அதன்பின் மாதக்கணக்கில் உம்மைப் பிடிக்க முடியாது. ஆகவே, தவறு உம்முடையதே என்ற ஒப்புதலை எழுத்துமூலம் ஜூலை 5, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எனக்குக் கிடைக்கச் செய்யவும்.

உம் வீட்டாருக்கு என் அன்பு. கடலில் உம்மைப் புனித சந்தியாகப்பர் காப்பாராக. கணினி முன் உட்காரும்போது இன்னும் கூடுதலாகக் காப்பாராக.

இப்படிக்கு,
ஞா. பர்னபாஸ், எம்.ஏ.

பி.கு.: குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகப் படம் எடுத்து இணைக்கலாமென்று கணினியில் டிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்தேன். அங்கே இரண்டு டிஸ்க்கும் இருந்தன. முதலில் நுழைந்த உம்முடையதுதான் E-ஐப் பிடித்திருக்கிறது. என்னுடையது F என்று பேர் வாங்கி, ஏற்கெனவே F-இல் நின்ற அலுவலகக் கோப்புகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்திருக்கிறது. எழுத்தை V என்று மாற்றினேன். பாட்டெல்லாம் அப்படியே இருக்கின்றன. நீர் அழித்தது உம்முடையதைத்தான்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். விஜிலா கையைப் பிடித்துக்கொண்டாள். "கிழிக்காதீங்க. அப்படியே அனுப்புங்க. எந் தம்பியும் ஒங்களத் தெரிஞ்சுக்கிடட்டும்." நான்கு நாளில் என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு இது.

எனவே மேலே கோரிய ஒப்புதல் தேவையில்லை. வேறொன்றுக்கு எழுத்துமூலம் பதில் வேண்டும்: ஜூலை 6, ஞாயிறு மதியம் சாப்பிட வருவீரா, மாட்டீரா? கெடு அதே சனிக்கிழமை, அதே ஐந்து மணி. தவறினால் நண்டுக் குழம்புச் சட்டியோடு நான் பெரியதாழைக்கு பஸ் ஏறுவேன்.