ஏரிக் குடிசைக்கு ஒரு பரீட்சை

நான் பிறந்தது கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில். என் அப்பா பிறந்ததும் இங்கேதான். தாத்தா உக்ரைனிலிருந்து வந்து முதல் ஏர் பிடித்ததும் இதே மண்ணில்தான். அப்படிப்பட்ட ஓரெஸ்ட் ஹலுஷாக் ஆகிய என்னை, என் சொந்தச் சமையலறையில் உட்காரவைத்து, கனடாவைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டாள் ஒருத்தி. கேட்டவள் இன்னும் இந்நாட்டுக் குடிமகளே இல்லை. என் மனைவி.

மொராக் ஸ்காட்லாந்துக்காரி. இருபத்தெட்டு வருடம் சும்மா இருந்துவிட்டு, இந்தக் குளிர்காலத்தில் குடியுரிமைக்கு மனுப் போட்டாள். பரீட்சைக்கு இருபது கேள்வி. காலையில் கஞ்சி கிண்டும்போதும் மாகாணங்களின் தலைநகரங்களை முணுமுணுத்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. மார்ச் முதல் வாரம் அவளுடைய அக்கா எஃபி வருகிறாள் என்றாள். அது என் வாரம். உறைந்த ஏரிமேல் மீன் பிடிக்க எனக்கு ஒரு மரக்குடிசை உண்டு. பனி இளகுமுன் அதைக் கரைக்கு இழுத்துவிட வேண்டும். அதற்கு முந்தின வாரம்தான் பெர்ச் மீன் வரிசையில் நின்று தூண்டிலைக் கடிக்கும். எஃபியோ, நான் நாற்காலியில் உட்காரும் விதத்திலேயே ஏழு குற்றம் கண்டவள்.

நான் ஏரிக்குப் போகிறேன் என்றேன். முடியாது என்றாள். வாக்குவாதம் முற்றி, அவளுடைய பரீட்சைப் புத்தகத்தைப் பார்த்து நான் சிரித்துத் தொலைத்தேன்.

"இதுக்கெல்லாம் ஒரு படிப்பா? தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"முழிச்சிக்கிட்டே எழுது, பாப்போம். என்னைவிட ஒரு மார்க் கூட வாங்கினா ஏரிக்குப் போ. இல்லேன்னா எஃபியை ஊர் சுத்திக் காட்டு."

"சரி. ஆனா கர்லிங் அரங்கத்துச் சட்டம். நடுவர் கிடையாது. அவங்கவங்க தப்பை அவங்கவங்களே ஒத்துக்கணும்."

"ஐஸ்ல கல்லு தள்ளுற அந்த ஆட்டத்தை உங்களுக்குக் கத்துக் குடுத்ததே எங்க ஊருதான். சட்டம் முழுக்க எனக்குத் தெரியும். பேனாவை எடு."

நாட்டின் கோடைகால தேசிய விளையாட்டு எது? பேஸ்பால் என்று எழுதினேன். லக்ராஸாம். ஐம்பத்தாறு வருடத்தில் லக்ராஸ் மட்டையோடு ஒரு மனிதனை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. கடைசியாகச் சேர்ந்த மாகாணம்? ஆல்பர்ட்டா என்றேன். நியூஃபவுண்ட்லாந்தாம், 1949இல். அப்போது என் அப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். ஊரே சாப்பிட்டுக் கை கழுவியபின் ஒருவன் பந்திக்கு வந்தால் அதற்கு நானா பொறுப்பு? பேரேரிகள் ஐந்தில் கனடாவைத் தொடாதது எது என்று இன்னொரு கேள்வி. நம்மைத் தொடாத ஏரியை நாம் ஏன் படிக்க வேண்டும்?

விடைப் பக்கத்தைப் பார்த்து, மனசாட்சிப்படி நானே திருத்தினேன். பதினைந்து. மொராக் தன் தாளைக் கீழே வைத்தாள். பதினான்கு.

எழுந்து நின்று, ஆட்டம் முடிந்ததும் அரங்கத்தில் செய்வதுபோலவே என் கையைக் குலுக்கினாள். எனக்கே பாவமாக இருந்தது. உடனே யாருக்கோ ஒரு செய்தி அனுப்பி, பதிலையும் படித்துவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டாள். கனமான பூட்ஸ் வாங்கிக்கொள், ஏரியில் குளிர் அதிகம் என்றாள்.

"ஏரியிலயா? ஜெயிச்சது நான்."

"அதனாலதான். ஆட்டம் முடிஞ்சதும் ஜெயிச்சவன் என்ன செய்யணும்?"

ஜெயித்தவன் தோற்றவனைத் தன் மேசையில் உட்காரவைத்து உபசரிக்க வேண்டும். முதல் கோப்பை மதுவை ஜெயித்தவனே வாங்கித் தர வேண்டும். எங்கள் ஊரில் மனைவியை விட்டு ஓடியவனையும் மன்னித்திருக்கிறார்கள். ஜெயித்துவிட்டு உபசரிக்காமல் வீட்டுக்குப் போனவனைப் பன்னிரண்டு வருடமாக யாரும் அணியில் சேர்க்கவில்லை.

"தோத்தவ நீ. எஃபி எங்க வந்தா?"

"அவ என் டீம். அரங்கத்துல ஐஸ் போடுற வாசிலுக்கும் சொல்லிட்டேன். 'ஓரெஸ்ட் பெரிய மனுஷன்'னாரு."

வாசிலுக்குத் தெரிந்தால் மாவட்டத்துக்கே தெரிந்த மாதிரி.

மார்ச் முதல் வாரம் என் குடிசையில் என் நாற்காலி இரண்டிலும் அக்காளும் தங்கையும் உட்கார்ந்தார்கள். நான் பனியில் துளை போட்டேன். தூண்டிலில் புழு கோத்தேன். தேநீர் போட்டேன். மீன் பொரித்தேன். எஃபி, எண்ணெய் காயவில்லை என்றாள். பிடித்த பெர்ச் எல்லாம் அவள் தூண்டிலில்தான் விழுந்தது.

மூன்றாம் நாள் மொராக்கின் போனுக்குச் செய்தி வந்தது. போன வாரம் எழுதிய நிஜப் பரீட்சையின் முடிவு. இருபதுக்கு இருபது.

சட்டியைக் கீழே வைத்தேன். "அப்ப அன்னிக்கு மட்டும் ஆறு கேள்விக்கு ஏன் பதில் தெரியல?"

"பதிலெல்லாம் தெரிஞ்சுது, ஓரெஸ்ட்," என்றாள் மொராக், மீனில் முள் எடுத்தபடி. "உன்னைவிட ஒண்ணே ஒண்ணு குறைச்சலா வாங்கணுமே. நீ எத்தனை தப்பு எழுதுவேன்னு கணக்குப் போடுறதுதான் கஷ்டமா இருந்துச்சு."