உங்கள் கட்டுரைப்படி வாங்கிய கணினியும் என் மனைவியின் தூக்கமும்

கீலுங் துறைமுகம்,
ஒன்பதாம் மாதம், வியாழக்கிழமை, மழை.

'இல்லத்து முதலீடு' மாத இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

துறைமுகத்துக்கு மேலே ஏழாவது மாடியில் குடியிருக்கும் ஜியென் குன்மு பணிவோடு எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும், பிழை திருத்துபவர் முதல் தபால்தலை ஒட்டுபவர் வரை தங்கள் அலுவலகத்தார் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் நலம். என் மனைவி சூசிங் தூங்கிக்கொண்டிருக்கிறாள். இப்போது காலை மணி பத்தரை. நான் புகார் எழுத உட்கார்ந்ததே அதைப் பற்றித்தான்.

ஐந்தாம் மாத இதழில், நாற்பத்திரண்டாம் பக்கத்தில், "வீட்டிலிருந்தே ஆப்ஷன் வியாபாரம்: உங்களுக்கு ஏற்ற கணினியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?" என்று ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதை நான் முடிதிருத்தும் கடையில் படித்தேன். கடைக்காரரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பதினோரு முறை படித்தேன். அப்படிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் தாங்கள் என்னைப் பேராசைக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். முப்பத்தோரு வருடம் சரக்குக் கப்பல்களில் இயந்திரப் பொறியாளராக இருந்தவன் நான். வருடத்தில் ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. போன வருடம் ஓய்வுபெற்று, பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டு, இனி நிரந்தரமாக வீடு என்று வந்து படுத்தேன். அன்றோடு என் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. தாமரைக்கொட்டைக் கஞ்சி குடித்தாள், மருத்துவர் கொடுத்த மாத்திரை விழுங்கினாள், வெந்நீரில் கால் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் சாப்பிடும்போது அவளே சொன்னாள்.

"உங்க மேல தப்பு இல்லீங்க. முப்பது வருஷமா தனியாப் படுத்துப் பழகிட்டேன். இப்பத் திரும்பிப் படுத்தா கை யார் மேலயோ படுது. திருடன்தான்னு திடுக்குன்னு முழிச்சுக்கிறேன். அப்புறம் பார்த்தா நீங்க."

"நான்னு தெரிஞ்சதும் தூங்க வேண்டியதுதானே?"

"நீங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் தூக்கமே வரலை. இந்த மனுஷன் நாள் பூரா வீட்டுல என்ன பண்ணப் போறாருன்னு யோசனை வந்துடுது."

அவள் கேட்டது நியாயமான கேள்வி. பகலில் நான் கூடத்தில் உட்கார்ந்தால் அவள் துடைக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன், சமையலறையில் நின்றால் அவள் திறக்கிற அலமாரிக்கு முன்னால் நிற்பேன். எனக்கென்று ஓர் இடம் வேண்டும். எங்கள் வீட்டில் குடைகளைக் காயவைக்கிற சின்ன அறை ஒன்று இருக்கிறது. ஆனால் ஒரு மனிதன் காரணமில்லாமல் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள முடியாதல்லவா? அந்தக் காரணத்தைத்தான் தங்கள் கட்டுரை கொடுத்தது. காலை எட்டே முக்காலுக்குச் சந்தை திறக்கும், பகல் ஒன்றே முக்காலுக்கு மூடும், இடையில் யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியின் கீழ் நான் சிவப்பு மையால் இரண்டு முறை கோடு போட்டேன்.

கட்டுரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தாய்பேய்க்கு ரயிலேறினேன். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் கணினிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒரு கடையில் லியென் என்ற அம்மாள், என் வயதுதான் இருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு ஒரு கணினியின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தாள். நான் தங்கள் கட்டுரையை வாசித்தேன். நான்கு திரை வேண்டும், வேகமான மூளை வேண்டும், நினைவகம் முப்பத்திரண்டு ஜிபிக்குக் குறையக் கூடாது, இரண்டு நிறுவனங்களிடமிருந்து இரண்டு இணைய இணைப்பு, மின்சாரம் போனால் தாங்குகிற பேட்டரி, முதுகைத் தாங்குகிற நாற்காலி. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணே, உங்க வீட்டு ஜன்னல்ல கடல் தெரியுமா?"

"முன்னாடி தெரிஞ்சது. இப்ப ஒரு ஓட்டலோட முதுகு தெரியுது."

"அப்ப இந்தப் பெட்டியை எடுத்துக்கோங்க. ரெண்டு பக்கமும் கண்ணாடி. இதுக்குக் கடைத்தெருவுல பேரே கடல்பார்வை அறைதான்."

பொத்தானை அமுக்கினாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு காற்றாடிகள் மெல்லச் சுற்றின. ஒவ்வொன்றிலிருந்தும் வெளிச்சம் தண்ணீர்போல வழிந்து அடுத்ததில் கலந்தது. "கட்டுரையில கண்ணாடிப் பெட்டின்னு எழுதலையே" என்றேன். "எழுதினவர் வீட்டு ஜன்னல்ல கடல் தெரியும்" என்றாள். வாங்கிவிட்டேன்.

குடை அறையைத் தங்கள் சொற்படியே அமைத்தேன். இருபத்துநான்கு பாகைக் குளிர், கண் கூசாத மங்கிய வெளிச்சம், ஜன்னலுக்குத் திரைச்சீலை. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றும் வைத்தேன், அது இல்லாமல் கீலுங்கில் கணினிக்குக்கூடப் பூஞ்சை பிடித்துவிடும். முதல் நாள் சந்தை திறந்தபோது நான்கு திரைகளிலும் எண்கள் மினுங்கத் தொடங்கின. நம் நாட்டுச் சந்தை வழக்கப்படி ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. அன்று இறக்கம். சுவர், கூரை, என் கை எல்லாம் பச்சையாகிவிட்டன. ஆழமில்லாத கடலின் அடியில் மல்லாந்து கிடந்தால் மேலே எப்படித் தெரியுமோ அப்படி இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. வியாபாரம் எதுவும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் சூசிங் கதவைத் தட்டினாள். வீட்டிலேயே ஈரமில்லாத இடம் இதுதான் என்று ஒரு கூடைத் துணியோடு வந்திருந்தாள். என் நாற்காலியின் முதுகில் இரண்டு துண்டுகளை விரித்தாள். பிறகு, எப்படித்தான் இருக்கிறதென்று அதில் உட்கார்ந்து பார்த்தாள்.

"இது என்னங்க, இப்படி ஏறி ஏறி இறங்குது?"

இதுதான் வாராந்திர ஆப்ஷன், சந்தை ஏறும் என்று நம்பினால் ஒரு சீட்டு வாங்கலாம், இறங்கும் என்று நம்பினால் வேறொரு சீட்டு, எதுவானாலும் புதன்கிழமை பகல் ஒன்றரையோடு அதற்கு ஆயுள் முடிந்துவிடும் என்று விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது சீட்டுக்கு வரும்போது அவள் தலை சாய்ந்துவிட்டது. நான் பயந்துபோய் மூக்கின் அருகில் விரலை வைத்துப் பார்த்தேன். தூக்கம். ஒரு வருடமாக அந்த வீட்டில் யாரும் காணாத தூக்கம். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நான் சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆசிரியர் அவர்களே, அன்று முதல் என் இருப்பிடம் அந்த முக்காலிதான்.

அவள் தூங்கிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். கடைத்தெருவில் மீன் உருண்டை விற்கிற தோங் அம்மாளிடம் சொல்லிவிட்டாள். நள்ளிரவில் எழுந்து மாவு பிசைந்து காலை ஏழுக்குக் கடை மூடுகிறவள், பகலில் தூக்கம் வராமல் இருபது வருடமாகத் தவிக்கிறவள். மறுநாள் எட்டு நாற்பதுக்குத் தலையணையோடு வந்தாள். "அண்ணே, ஒரு ஓரமா இருந்துக்கிறேன், என்னை ஆளாவே நினைக்காதீங்க" என்றாள். அந்த வாரக் கடைசியில் மேல்மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற இசை ஆசிரியை லான் அம்மையாரும் வந்துசேர்ந்தார். அவர் மடக்குநாற்காலியும் கொண்டுவந்தார். நான்கு திரைகள் வேண்டும் என்று எழுதினீர்கள், வாங்கினேன். அந்த நான்கு திரைகளுக்கு முன்னால் மூன்று பெண்மணிகள் குறட்டை விடுவார்கள் என்று ஒரு வரி எழுதவில்லையே?

இதைவிட வேதனை ஒன்று உண்டு. அவர்களுக்குச் சந்தை விழ வேண்டும். பச்சை வெளிச்சத்தில்தான் தூக்கம் நன்றாக வருகிறதாம். நானோ ஏறும் என்ற சீட்டையே வாங்குகிறவன், அது என் சுபாவம். காலையில் மாடிப்படியில் தோங் அம்மாள் என்னைக் கண்டதும் கேட்பாள்.

"இன்னிக்குப் பச்சையா அண்ணே?"

"ஏறும்னு எதிர்பார்க்கிறேன்."

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க. நேத்தே சிவப்புல அரைத்தூக்கம்தான்."

லான் அம்மையார் படித்தவர், இதமாகப் பேசுவார். "ஜியென் சார், போன செவ்வாய் நல்ல வீழ்ச்சி. நான் கனவுகூடக் கண்டேன். ரொம்ப நன்றி" என்பார். அந்தச் செவ்வாய் என் சீட்டு பாதி விலைக்கு வந்திருந்தது. நானும் "பரவாயில்லீங்க" என்று குனிந்து வணங்கினேன்.

தங்கள் கட்டுரை சொன்னபடி வாங்கிய கீபோர்டு டக்டக்கென்று சத்தமிட்டது. லான் அம்மையார் தூக்கத்திலேயே அதற்குத் தாளம் போட்டார். அதை மாற்றிச் சத்தமில்லாத ரப்பர்க் கீபோர்டு வாங்கினேன். குறித்த விலையை எட்டினால் மணியடிக்கும்படி வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன். முதல் மணிக்கே மூவரும் ஒன்றாக எழுந்து என்னைப் பார்த்த பார்வையில் மணியை அணைத்துவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்கிறேன். தும்மல் வந்தால் மாடிப்படிக்குப் போகிறேன்.

இனி நேற்றைய புதன்கிழமைக்கு வருகிறேன். ஏறும் என்று நான்கு சீட்டு வைத்திருந்தேன், அன்று பகலோடு ஆயுள் முடிகிற சீட்டுகள். காலையில் சந்தை இறங்கித் திறந்தது. அறை நல்ல பச்சை. ஒன்பது மணிக்குள் மூவரும் தூங்கிவிட்டார்கள். வெளியே மழை, உள்ளே காற்றாடிகள், நடுவில் அந்தக் கண்ணாடிக் கடல். எனக்கே கொஞ்ச நேரம் நான் எந்தக் கப்பலில், எந்தப் பெருங்கடலில் இருக்கிறேன் என்பது மறந்துபோயிற்று. பன்னிரண்டரைக்குச் சந்தை திரும்பியது. முதலில் ஒரு திரையின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி, பிறகு ஒரு வரிசை, பிறகு விடியற்காலைபோல நான்கு திரைகளும் ஒவ்வொன்றாகச் சிவந்தன. என் சீட்டுகளின் விலை மூன்று மடங்காயிற்று, ஐந்து மடங்காயிற்று. விற்க வேண்டியதுதான். மவுஸைத் தேடினேன்.

மவுஸின் மேல் சூசிங்கின் கை இருந்தது.

தூக்கத்தில் எப்போதோ மேசைமேல் கையை நீட்டியிருக்கிறாள். உள்ளங்கை மவுஸை முழுதாக மூடியிருந்தது, குளிருக்கு ஒரு குருவியைப் பொத்திவைத்திருப்பதுபோல. கைபேசியை நம்பாதே என்று தாங்கள் எழுதியிருந்ததால் அதில் நான் கணக்கே திறக்கவில்லை. தரகரைத் தொலைபேசியில் கூப்பிட்டு விற்கச் சொல்லவும் என் கணக்கில் வழியில்லை. அந்தக் கையைத் தூக்க வேண்டியதுதான். தூக்கப் போனேன். என் விரல் அவள் மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அவள் ஏறக்குறைய நான்கு மணிநேரமாகத் தூங்கியிருந்தாள். நடுக்கடலில் புயலில் பிரதான இயந்திரத்தை நிறுத்திப் பழுதுபார்த்தவன் நான், ஒரு பெண்பிள்ளையின் கையை எடுத்து ஓரமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணிக்கு விலை உச்சிக்குப் போயிற்று. பிறகு மெல்ல இறங்கியது. அவள் முகத்தில் சிவப்பு வடிந்து பச்சை ஏறியது. ஒன்றரைக்கு என் நான்கு சீட்டுகளும் வெற்றுத்தாள் ஆயின. அவள் கண்விழித்து, "மழை விட்டுருச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஆசிரியர் அவர்களே, ஒரு கம்பி அறுந்தால் என்ன செய்வது என்று இரண்டு இணைய இணைப்பு வைத்துக்கொள்ளச் சொன்ன தாங்கள், இரண்டாவதாக ஒரு மவுஸ் வைத்துக்கொள்ளும்படி ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? இந்தக் கடிதத்தைத் தாங்கள் பிரசுரிக்க வேண்டும். கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை, யாரையும் தூங்கவைக்காத கணினி எது என்று மட்டும் சொன்னால் போதும். வெளிச்சமா, காற்றாடியா, நாற்காலியா, எதில் கோளாறு என்று தெரிந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்வேன். நடவடிக்கை இல்லையென்றால் தங்கள் இதழை இனிக் கையால் தொடமாட்டேன் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் இதழ் ஆயிரம் மாதங்கள் தவறாமல் வரட்டும். தங்கள் வீட்டுக் கூரை ஒழுகாதிருக்கட்டும். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் இவ்வளவும் எழுதினேன், தவறிருந்தால் பொறுக்கவும்.

இப்படிக்கு,
ஜியென் குன்மு

பின்குறிப்பு: கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. எங்கள் தெருவில் மின்கம்பம் மாற்றுகிறார்கள், காலை எட்டிலிருந்து மின்சாரம் இல்லை. பேட்டரி சொன்னபடி பதினைந்து நிமிடம் தாங்கிவிட்டு அணைந்தது. திரைகள் கறுப்பு, காற்றாடிகள் நின்றுவிட்டன, அறை புழுங்கியது. மூவரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "கரண்ட் இல்லாட்டி நாங்க எப்படிண்ணே தூங்குறது?" என்றாள் தோங் அம்மாள். சும்மா இருப்பானேன், சாட்சிகளும் கூடவே இருக்கிறார்கள் என்று, எழுத்துப்பிழை பார்ப்பதற்காக இந்தக் கடிதத்தை உரக்கப் படித்தேன். கடிதத்தில் நான் தாய்பேய்க்கு ரயிலேறுவதற்குள் தோங் அம்மாள் தூங்கிவிட்டாள். கடைக்குள் நுழைந்தபோது லான் அம்மையார். நான் திகைத்துப் படிப்பதை நிறுத்தினேன். சூசிங் கண்ணை மூடியபடியே, "ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். "நீ முழிச்சிட்டுதான் இருக்கியா?" என்றேன். "நீங்க நிறுத்தினீங்க, முழிச்சுட்டேன். படிங்க" என்றாள். கடைசிவரை படித்தேன். கடைசியைக் கேட்க யாரும் விழித்திருக்கவில்லை.

ஆகவே கணினியின்மேல் நான் சொன்ன புகார்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சோதனையாகப் படுக்கையறையில், எங்கள் கட்டிலிலேயே, தங்கள் நாற்பத்திரண்டாம் பக்கத்தை அவளுக்கு மெதுவாகப் படித்துக்காட்டினேன். நினைவகம் என்ற சொல் வரும்போது தூங்கியவள் இன்னும் எழவில்லை. என்னை மூன்று வருடச் சந்தாதாரராகச் சேர்த்துக்கொள்ளவும். கட்டுரைகள் நீளமாக இருந்தால் நல்லது. பின்குறிப்பின் கையெழுத்து கோணலாக இருப்பதை மன்னிக்கவும், இடது கையால் எழுதுகிறேன். வலது கை அவள் தலைக்கு அடியில் இருக்கிறது.