ஒழுகாத டபுள் பேஸ்

பெண் பார்க்கப் போன இடத்தில் வடையைத் தின்றோமா, கேட்டதற்குத் தலையாட்டினோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன்.

பெண் வீடு புதுக்கடையில். பெண் ஜெனிஷா, அவர்கள் சபையில் ஆர்கன் வாசிப்பவள். நீங்கள் என்ன வாசிப்பீர்கள் என்று அவளே கேட்டாள். நாகர்கோவிலில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் நான் பேஸ் கிட்டார். (கரண்ட் போய் என் கிட்டார் நின்றாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.) அதை அப்படியே சொல்ல மனம் வரவில்லை. டபுள் பேஸ் என்றேன். ஆள் உயரத்தில், பெரிய வயலின் மாதிரி நிற்குமே, அது. ஜெனிஷாவின் கண் விரிந்தது. அவள் அப்பா உடனே, உங்கள் சபையின் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்குக் குடும்பத்தோடு வருகிறோம், அதைக் கேட்டுவிட்டு மற்றதைப் பேசலாம் என்றார். ஆராதனைக்கு மூன்று வாரம் இருந்தது. எனக்கோ அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இல்லையென்றால் அப்படியே கம்பி நீட்டியிருப்பேன்.

நான் டபுள் பேஸைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். எங்கள் குழுவில் பாடும் சகாயம், தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பழைய சாமான் கடையில் அப்படி ஒன்று நிற்பதாகச் சொன்னான். ஏதோ ரிசார்ட்டை மூடியபோது கட்டில், பீரோவோடு சேர்ந்து வந்ததாம். கடைக்கார முஸ்லிம் பெரியவரை அந்தப் பக்கத்து வழக்கப்படி எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கட்டிலைத் தட்டுவது போலவே அதையும் தட்டிக் காட்டினார்.

"நல்ல மரத்தடியாக்கும். பூச்சி புடிக்காது."

முன்பலகையில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. ஆட்டினால் உள்ளே ஒரு குச்சி உருண்டது. அந்தக் குச்சி உள்ளே நட்டுக்குத்தாக நின்றால்தான் வாத்தியத்துக்குச் சத்தமே என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. உருளுகிறதே என்று கேட்டேன். "உள்ள கிடக்கது உள்ளதானே கிடக்கு, வெளிய விழல்லியே" என்றார் காக்கா. அந்த நியாயம் எனக்கு அன்று போதுமானதாக இருந்தது, வாங்கிவிட்டேன்.

நாகர்கோவிலில் வயலின் ரிப்பேர் செய்கிறவர் பார்த்துவிட்டு இரண்டு மாதம் ஆகும் என்றார். அதற்குள் நாள் ஓடி, எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒன்பது நாள். குளச்சலில் சகாயத்தின் மாமா சூசை, பைபர் வள்ளம், அதாவது மீன்பிடிப் படகு, ரிப்பேர் பார்ப்பவர்.

"பாறையில இடிச்ச வள்ளத்தையே ஒட்டுகாரு மக்கா, இது சர்ச்சுல சும்மா நிக்கப்போறதுதானே" என்றான் சகாயம். நான் தலையாட்டினேன். (இப்போது நினைத்தாலும் அந்தத் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.)

கம்பிகளைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். இன்று, நாளை என்று இழுத்து, ஆராதனை அன்று மத்தியானம்தான் சூசை அண்ணன் தார்ப்பாயை விலக்கினார். பைபர் துணி ஒட்டி, பசை பூசி, தேய்த்து, வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டும் அடித்திருந்தார்.

"வெடிப்பு சின்னதுதான் தம்பி. முன்னால வளைஞ்சு வளைஞ்சு ரெண்டு பெரிய ஓட்டைல்லா கிடந்துது, அத ஒருத்தரும் சொல்லல்லியே? ரெண்டையும் அடைச்சாச்சு. இனி ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போவாது."

அந்த ஓட்டைகள் வழியாகத்தான் சத்தம் வெளியே வர வேண்டும். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வியர்த்து நின்ற அந்த மனிதரின் முகத்தில் அவ்வளவு பெருமை. ரொம்ப நன்றி அண்ணே என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பூட்டி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். தலையணையைத் தட்டிய மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் மரியாதையாகக் கிட்டாரை எடுத்திருக்கலாம். ஆனால் புதுக்கடைக் குடும்பம் மொத்தமும் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பச்சை டபுள் பேஸைக் கட்டிப்பிடித்து ஏழு பாட்டுக்கும் வாசித்தேன். வாசித்தேன் என்றால், கையை ஆட்டினேன், கண்ணை மூடினேன், ஒன்றிரண்டு இடத்தில் உருகவும் செய்தேன். அமைதியான ஒரு பாட்டில் உருகிச் சாய்ந்தபோது, உள்ளே அடைபட்டிருந்த குச்சி கடகடவென்று உருண்டது. எலி என்று நினைத்தோ என்னவோ, போதகர் கூரையைப் பார்த்தார். என் பேஸிலிருந்து அன்று வந்த சத்தம் அது ஒன்றுதான்.

ஆராதனை முடிந்ததும் ஜெனிஷாவின் அப்பா என் கையைப் பிடித்து, விரல் என்ன வேகமாகப் போகிறது என்று வியந்தார். அவள் குனிந்து பச்சைப் பெயிண்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ஜெனிஷாவிடமிருந்து போன் வந்தது.

"ஒண்ணு கேக்கட்டா? அதுல சத்தமே வரல்லல்லா?"

எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். பொய் சொன்னது, காக்கா கடை, வள்ளம் ஒட்டுகிறவர், ஒன்றையும் மறைக்கவில்லை. சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

"ஏழு பாட்டையும் ஒரு தப்புகூட இல்லாம வாசிச்ச ஆள இப்பதான் பாக்கியேன்" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் போனை வைக்கும்வரை நிறுத்தவில்லை.

கல்யாணமாகி எட்டு வருடம் ஆகிறது. அந்தப் பச்சை வாத்தியம் எங்கள் மொட்டை மாடியில் மழையில் நிற்கிறது. மாமனாருக்கு உண்மை தெரியாது, மருமகனின் விரல் வேகத்தைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் இன்னமும் பேசுகிறார். வீட்டில் ஜெனிஷா ஏதாவது குற்றம் கண்டுபிடித்துக் கேட்டு, நான் பதில் இல்லாமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றால், என் மகள் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அப்பா என்ன சொல்லுகாரு என்று அம்மாவிடம் கேட்பாள்.

"ஒண்ணும் சொல்லல்ல மக்களே. டபுள் பேஸ் வாசிக்கியாரு."