கே என்றால் மேலே

வித்யாநகர், ஹுப்பள்ளி

மரியாதைக்குரிய நரஹரி பாவாவுக்கு,

கஜானன ஹெக்டேயின் அநேக நமஸ்காரம். யல்லாபுரத்தில் நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள், இந்த மழைக்குப் பாக்குக் குலைகளை அழுகல் தொடாமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரி விசாலா சௌக்கியம். என்னைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. உங்கள் மாடி அறையை எங்களுக்காக ஒழித்து வைக்க முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டேன். காரணத்தைப் போனில் சொல்லலாம். ஆனால் அக்கா பக்கத்திலிருந்து சிரிப்பாள், அதைத் தாங்கும் நிலையில் நான் இல்லை.

நான் கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிற எடிட்டரின் பெயர் விம். அக்கா பாத்திரம் துலக்கும் விம் வேறு, இது வேறு. இதில் எழுத்தை அடித்தால் எழுத்து வராது, கட்டளைதான் நடக்கும். ஜே அடித்தால் ஒரு வரி கீழே போகும், கே அடித்தால் ஒரு வரி மேலே போகும், யூ அடித்தால் கடைசியாகச் செய்தது ரத்தாகும். ஐ அடித்த பிறகுதான் எழுதவே விடும்; எழுதி முடித்தால் எஸ்கேப்பைத் தட்டி மறுபடி கட்டளைக்குத் திரும்ப வேண்டும். கேட்பவர்களுக்குக் கோட்டித்தனமாக இருக்கும். ஆனால் பழகிவிட்டால் மூளை ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்க, விரல் பாட்டுக்கு வேலை பார்க்கும். என் பிழைப்பெல்லாம் அந்த விரல்களில்தான் இருந்தது பாவா, தலையில் பெரிதாக ஒன்றுமில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

எங்கள் மேலாளர் அக்ஷதா ஹிரேமட் என்னைவிட வயதில் மிகச் சின்னவர், நல்லவர். மழைக்காலத் தொடக்கத்தில் அவர் என்னைக் கூப்பிட்டு, "ஹெக்டேயவரே, எல்லாரும் ஒரே எடிட்டர்ல இருந்தாதான் ஒருத்தர் எழுதறதை இன்னொருத்தர் பார்க்க முடியும். நேத்து உங்களோடதைத் திறந்தேன், வெளிய வர வழி தெரியாம கம்ப்யூட்டரையே அணைச்சிட்டேன்" என்றார். அதனால் புது எடிட்டர் வந்தது. அதில் எழுத்து அடித்தால் எழுத்து வந்தது. நான் பேச்சு வராதவன் மாதிரி ஆகிவிட்டேன். என்னைச் சித்தப்பா முறையில் காகா என்று கூப்பிடும் பக்கத்து மேசை இர்ஃபான் நதாஃப் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்க காகா, உங்க பழைய சாவியெல்லாம் இதுக்குள்ளயே வேலை செய்யற மாதிரி ஒரு ஒட்டு இருக்கு, போட்டு விடறேன்" என்று ஒரு துணை மென்பொருளை ஏற்றிக் கொடுத்தான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான். ஆனால் அந்த ஒட்டு நிரல் எழுதும் இடத்தில் மட்டும்தான் ஒட்டியது. தேடும் பெட்டியில் புதுச் சட்டம், ஓரத்தில் இருக்கும் அலுவலக அரட்டைப் பெட்டியில் புதுச் சட்டம். ஒரு வீட்டில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் பழைய சட்டம் என்றால் மனுஷன் எந்த அறையில் நிற்கிறோம் என்று ஒவ்வொரு நிமிஷமும் யோசித்துக்கொண்டேவா நடப்பான்? முதல் வாரத்திலேயே, எங்கள் மென்பொருளை வாங்க வந்த டாக்டர்கள் முன்னால் பெரிய திரையில் செய்து காட்டும்போது, கீழே போவதற்காக ஜேயை அழுத்திப் பிடித்தேன். தேடும் பெட்டியில் நின்றிருக்கிறேன் போல. திரை முழுக்க ஜே ஜே என்று ஓடியது. ஒரு டாக்டர், "யாருக்கு சார் இவ்வளவு ஜே போடறீங்க?" என்று கேட்டார். அவர்கள் வாங்கவில்லை. அக்ஷதா அப்போதும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருடைய அப்பா தார்வாடில் தவறிப்போனார். செய்தி அரட்டைப் பெட்டியில் வந்தது, எல்லாரும் இரங்கல் எழுதினார்கள். நானும் மனதார நாலு வரி எழுதினேன். பார்த்தால் முதல் வரியில் பெரியவரின் பெயரிலேயே ஒரு எழுத்துப் பிழை. திருத்த வேண்டுமென்று விரல் தானாக எஸ்கேப்பைத் தட்டி, மேலே போகக் கேயை நாலு தரம் அடித்து, பழக்க தோஷத்தில் என்டரையும் அடித்துவிட்டது. செய்தி போய்விட்டது. இரங்கல், அதன் கீழே கெக்கலித்துச் சிரித்தாற்போல கேகேகேகே. பதறிப்போய் ரத்து செய்ய யூவைத் திரும்பத் திரும்ப அடித்து மறுபடி என்டர் அடித்தேன். அது இரண்டாவது செய்தியாகப் போயிற்று. எழுத்துக்கூட்டிப் படித்தால் ஊஊஊ. இர்ஃபான் என் கையைப் பிடித்துக்கொண்டான். "காகா, முதல்ல சிரிச்சீங்க, இப்ப ஊளையிடறீங்க. தயவுசெஞ்சு விசைப்பலகையை விட்டு எழுந்திருங்க" என்றான்.

காரியமெல்லாம் முடிந்து அக்ஷதா அலுவலகம் வந்த அன்று அவர் அறைக்குப் போனேன். அவர் கண் இன்னும் வீங்கியிருந்தது.

"எங்க அப்பா போனதுல உங்களுக்கு என்ன சிரிப்பு, ஹெக்டேயவரே?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார்.

"அது சிரிப்பில்ல மேடம். கேன்னா மேலே போறது."

அவர் என்னையே பார்த்தார். "மேலே போறதா?"

"ஆமா மேடம். நாலு கேன்னா நாலு தரம் மேலே." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோமென்று எனக்கே புரிந்தது.  அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீங்க போங்க" என்றார். போய்விட்டேன்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ரொட்டியைப் பிய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். விசாலா, "விரல் பண்ணின தப்புக்கு வயித்தை ஏன் தண்டிக்கறீங்க?" என்கிறாள். அவளுக்குப் புரியாது. பழையதும் போய், புதியதும் வராமல், இரண்டுக்கும் நடுவில் சிக்கி, ஒரு மனுஷி அழும் நேரத்தில் சிரித்தவன் என்ற பேருடன் இங்கே எப்படி உட்காருவேன்? இன்று காலை என் பழைய விம்மிலேயே மன்னிப்பும் ராஜினாமாவும் எழுதி அனுப்பிவிட்டேன். இனி உங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கவோ, பாக்கு காயவைக்கவோ, எதற்கு லாயக்கோ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பாக்குக்கு இரண்டே நிலைதான், மரத்தில் இருக்கும் அல்லது கீழே விழும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். உங்கள் கிணறும் தோட்டமும் வற்றாமல் இருக்க மஞ்சுநாதன் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
கஜானன ஹெக்டே

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அக்ஷதாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. "உங்கள் மடலைப் படித்து அழுதுவிட்டேன், என் அப்பாவைப் பற்றி யாரும் இப்படி எழுதவில்லை" என்று. ஒன்றும் விளங்காமல் நான் அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். விம்மில் டீ எழுத்தை இருமுறை தட்டினால் நிற்கிற வரி முழுதாக அழிந்துவிடும். விரல் தானாகத் தட்டியிருக்கிறது. மன்னிப்பு இருக்கிறது, பெரியவரைப் பற்றி எழுதியது இருக்கிறது, "இதை முழு மனதோடு சொல்கிறேன்" என்பதும் இருக்கிறது. ராஜினாமா செய்கிறேன் என்ற வரியை மட்டும் காணோம். அது மட்டுமில்லை, என் பொறுமையை மெச்சி, திங்கட்கிழமை முதல் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் புது எடிட்டரை நான்தான் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். விட்டுப்போன வரியை இன்னொரு தரம் எழுதி அனுப்பட்டுமா என்று விசாலாவிடம் கேட்டேன். "நீங்க இதுவரைக்கும் அடிச்சதுல அது ஒண்ணுதான் சரியா விழுந்திருக்கு. பேசாம சாப்பிட வாங்க" என்றாள். ஆகவே மாடி அறையில் வழக்கம்போல பாக்கு மூட்டையே இருக்கட்டும்.

க. ஹெ.