இருபது வாட் மிச்சம்

பக்கத்து வீட்டு ஆர்வோ காங்கஸை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். என்னுடைய முப்பது கோப்பைக் காப்பிப் பானையைக் கழுவி எடுத்துக்கொண்டு என் பின்வாசலில் வந்து நின்றார். மின்சாரத்தில் கொதிக்கும் பானை அது. சர்ச் விருந்துகளுக்காக, காலமான என் மனைவி சிக்னே வாங்கியது.

"நல்ல காப்பி, வெண்டெல். ஸ்ட்ராங்கா இருந்துச்சு" என்றார்.

பானையைக் கவிழ்த்த வாக்கில் என் கையில் கொடுத்தார். தண்ணீர் வடியட்டும் என்று அப்படிக் கொடுக்கிறார் என நினைத்தேன். செவ்வாய்க்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவர் கேட்டது பெரிய விஷயம் இல்லை. மினசோட்டாவின் வடகோடியில் இருக்கும் எங்கள் டாமரக் லேக் பள்ளியின் ஐஸ் ஹாக்கி அணி, ஐம்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு மாநிலப் போட்டிக்குத் தேறியிருந்தது. முந்தைய தடவை கோல் காத்தவர் ஆர்வோ. கூடுதல் நேரத்தில் கடைசி கோல் அவருடைய இரண்டு கால்களுக்கு நடுவே போனது. அன்றிலிருந்து முடி வெட்டப் போனாலும் சரி, சாவுக்குப் போனாலும் சரி, யாராவது ஒருவர் அவர் காலைக் குனிந்து பார்க்காமல் விட்டதில்லை. ஊர் ஜெயிப்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. இருதயத்தைக் காரணம் காட்டி, போட்டி நடக்கும் செயின்ட் பால் வரை பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதன், வெள்ளி, சனி மூன்று நாளும் வீட்டிலேயே எல்லோரையும் கூட்டிவைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மார்ச் மாதத்தில் எங்கள் ஊர்க் கம்பிகள் பனிக்கட்டி கட்டி அறுந்துவிழும். ஆகவே ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். வாங்கியதோடு நிற்காமல், நல்ல குடிமகனாக, அனுமதி கேட்கப் போனார். அங்கேதான் தப்பு நடந்தது.

ஊர் அலுவலக எழுத்தர் மார்லிஸ் படிவத்தை எடுத்து வைத்தாள். துணைக்கு நானும் போயிருந்தேன்.

"ஜெனரேட்டர் எதுக்கு?"

"மேட்ச் பாக்க."

மார்லிஸ் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பினாள். "அப்படி ஒரு கட்டமே இல்லையே. ஆஸ்பத்திரி இருக்கு. கோழிப்பண்ணை இருக்கு. அவசரகாலப் புகலிடம் இருக்கு."

"நான் கோழி வளர்க்கலம்மா."

"எத்தனை பேர் வருவாங்க?"

"இருபது பேர் வருவாங்க."

"அப்புறம் என்ன? புகலிடத்துக்குப் பதினெட்டு பேர் இருந்தாலே போதும்."

இவ்வாறாக ஆர்வோவின் வீடு, டாமரக் லேக் இரண்டாம் வட்ட அவசரகாலப் புகலிடம் ஆயிற்று. முதலாம் வட்டத்தில் புகலிடம் கிடையாது. வாசலில் பலகை மாட்டினார்கள். அது எந்நேரமும் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று விதி. அந்த விளக்குக்கு மட்டும் இருநூறு வாட். புகலிடத்தில் பொழுதுபோக்குச் சாதனங்கள் கூடாது என்றும் விதி. ஆகவே தொலைக்காட்சி, 'பொது அறிவிப்புப் பெட்டி, ஐம்பத்தைந்து அங்குலம்' என்று பதிவாயிற்று.

மறுநாள் அவசர ஆயத்த மற்றும் ஒலி ஒழுங்கு அதிகாரி வந்தார். அவர் பெயர் டுவேன். தூண்டில் புழுவும் சின்ன மீனும் விற்கும் கடை வைத்திருப்பவர். தொப்பி போட்டால் அதிகாரி, கழற்றினால் டுவேன். அன்று தொப்பியோடு வந்தார்.

ஜெனரேட்டர் எந்த ஜன்னலிலிருந்தும் இருபது அடி தள்ளி இருக்க வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது. மரத்தடியில் கூடாது, சரிவில் கூடாது. டுவேன் நாடாவை இழுத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நடந்தார். எல்லா விதிக்கும் பொருந்திய ஒரே இடம், பக்கத்து வீட்டுக்காரனான என் தோட்டத்தில், சிக்னே போட்ட ரூபார்ப் கீரைப் பாத்தியின் நட்டநடுவில் இருந்தது.

"உனக்குத் தொந்தரவு இல்லேன்னா..." என்று இழுத்தார் ஆர்வோ.

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. "சேச்சே, ஒண்ணும் இல்ல" என்றேன். உடனே என்னை இணை விண்ணப்பதாரர் ஆக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு மின்சாரக் கணக்கு. ஜெனரேட்டரின் சக்தி மூவாயிரம் வாட். வீட்டுக் கணப்பு, குளிர்பெட்டி, பொது அறிவிப்புப் பெட்டி, மான்கறிக் குழம்புக்கு மூன்று சட்டிகள், வெளியேறும் வழி காட்டும் விளக்குகள் நான்கு (ஆர்வோ வீட்டுக்கு வாசலே இரண்டுதான்), பலகை விளக்கு. கூட்டினால் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

"இருபது வாட் மிச்சம்" என்றார் ஆர்வோ பெருமையோடு. இதற்கு மேல் எதையும் சொருகமாட்டோம் என்று ஆட்டம் பார்க்க வந்த எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டோம்.

புதன்கிழமை ஜெயித்தோம். வெள்ளிக்கிழமையும் ஜெயித்தோம். இரண்டு நாளும் ஊர் மின்சாரமே ஒழுங்காக இருந்தது. ஆர்வோவின் பழைய சகா ரூடி, ஜன்னல் வழியே ஜெனரேட்டரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். "என்னய்யா ஆர்வோ, உன் மெஷினு மாட்டுக்கு உப்புக்கட்டி வெச்ச மாதிரி சும்மா உக்காந்திருக்கு?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பனிமழை பெய்து தெருக் கம்பிகள் அறுந்தன. கைபேசிக் கோபுரமும் படுத்துவிட்டது. ரூடி சிரிப்பை நிறுத்தினார். ஆர்வோ கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே மெஷின் உறுமியது. தெருவிலேயே அந்த ஒரு வீட்டில்தான் வெளிச்சம். இருபது பேரைக் கூப்பிட்டிருந்தார், முப்பது பேர் வந்தார்கள். எல்லோரும் "தொந்தரவு இல்லேன்னா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

பகல் பன்னிரண்டுக்கு இறுதி ஆட்டம். மூன்று பகுதி முடிந்து இரண்டுக்கு இரண்டு. கூடுதல் நேரம். முன் வரிசை நாற்காலியில் ஆர்வோ, கால்களைச் சேர்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் ஆள் ஒருவன் பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் பாய்ந்தான். அறையே எழுந்து நின்றது என்று பிற்பாடு சொன்னார்கள். நான் அந்த நிமிஷம் உள்ளே இல்லை.

திரை இருண்டது. மெஷின் நின்றது.

"கயித்த இழுங்கய்யா!" என்று கத்தினார் ரூடி.

டுவேன் முகம் வெளுத்துப்போய் எழுந்தார். "இழுக்கக்கூடாது. விதி இருக்கு. பதினஞ்சு நிமிஷம் ஆறணும். அப்புறம் மறுதொடக்கப் படிவம். விண்ணப்பதாரர், இணை விண்ணப்பதாரர், அதிகாரி, மூணு கையெழுத்து."

"தொப்பியைக் கழட்டுடா, டுவேன்!"

"மின்தடை நேரத்துல தொப்பி கட்டாயம், ரூடி. எனக்கு மட்டும் ஆசையில்லையா?"

யாரும் விதியை மீறவில்லை. நாங்கள் அப்படிப்பட்டவர்கள். முப்பது பேரும் பாத்தியைச் சுற்றி மழையில் நின்று ஒரு இயந்திரம் ஆறுவதைப் பார்த்தோம். நனைந்த தாளில் என் பேனா வழுக்கியது. மூன்றாவது கையெழுத்து விழுந்த சமயம், தெருவில் ஒரு கார் ஹாரன் நீளமாக அலறியது. ரூடியின் மனைவி பெவ். அவளுக்கு ஹாக்கியே பிடிக்காது. காரில் கணப்பைப் போட்டுக்கொண்டு பின்னல் பின்னியபடி ரேடியோவில் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாமதான் ஜெயிச்சோம்! பத்து நிமிஷமாச்சு! ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலையே, வண்டியில நாலு பேருக்கு இடம் இருந்துச்சு!"

திரை திரும்ப வந்தபோது ஒருவர் மெத்தை விற்றுக்கொண்டிருந்தார்.

ஆர்வோ அவள் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "கோல் எப்படி விழுந்துச்சு, பெவ்?"

"ரேடியோல என்ன தெரியுது? அந்த டீம் கோல்கீப்பர் காலுக்கு நடுவுல போச்சுன்னு சொன்னான்."

ஆர்வோ சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, "பாவம் அந்தப் பய. ஐம்பத்திரண்டு வருஷம் கேக்கணுமே" என்றார்.

தெருவுக்கு மின்சாரம் புதன்கிழமை வந்தது. ஆர்வோ அந்த கோலைப் பார்க்கவே இல்லை.

சவ அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. மார்லிஸ் என்னை ஓரமாக அழைத்தாள். "வெண்டெல், யார்கிட்டயும் சொல்லாதீங்க. முதுகுவலி தாங்கல. சூட்டு மெத்தையைச் சொருகினேன். என்னாலதான் நின்னுபோச்சு." கொஞ்ச நேரத்தில் ரூடி வந்தார். போகும்போது வண்டி கிளம்பவேண்டுமே என்று லாரியின் எஞ்சின் சூடேற்றியைச் சொருகியிருந்தாராம். கடைசியாக டுவேன் தொப்பி இல்லாமல் வந்தார். "கடையில மீனெல்லாம் செத்துடும்னு தொட்டியோட தூக்கிட்டு வந்து குளியலறையில வெச்சிருந்தேன். அதோட பம்பு..." அவர் கண் கலங்கியது. அவருடைய அறிக்கையில் இப்படி இருந்தது: 'நின்றதற்கான காரணம் கண்டறியப்படவில்லை. பரிந்துரை: மறுதொடக்கப் படிவத்தில் நான்காவது கையெழுத்து.'

மூன்று பேரையும் தோளில் தட்டி, "சேச்சே, ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனுப்பினேன்.

கூடுதல் நேரத்துக்கு முன் இடைவேளையில் எல்லோர் கோப்பையும் காலியாக இருந்தது. சிக்னே இருந்திருந்தால் இந்நேரம் காப்பி வைத்திருப்பாள் என்று தோன்றியது. மெஷின் என் அடுக்களைக் கதவிலிருந்து பத்தே எட்டில் இருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு துளை காலியாகவும் இருந்தது. காப்பிதானே என்று சொருகினேன்; மெஷின் நின்றதும் உருவினேன். ஆட்டம் முடிந்து, குழம்புச் சட்டிகளும் காலியாகி, எல்லோரும் அவரவர் பொருளைச் சத்தமில்லாமல் உருவிக்கொண்ட பிறகு, அதே துளையில் திரும்பச் சொருகிக் காய்ச்சி, ஆர்வோவின் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லோரும் இரண்டு கோப்பை குடித்தார்கள்.

ஆர்வோவின் வீட்டை இப்போது வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். பலகை அப்படியே இருக்கிறது, விளக்கும் எரிகிறது. அகற்றும் விண்ணப்பத்தில் ஆர்வோதான் கையெழுத்திட வேண்டும் என்கிறாள் மார்லிஸ். என் பாத்தியில் மெஷின் நின்ற சதுரத்தில் மட்டும் ரூபார்ப் வருவதில்லை.

காப்பிப் பானை என்னிடம்தான் இருக்கிறது. அதன் அடியில், கவிழ்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு தகடு உண்டு. ஆயிரத்து ஐந்நூறு வாட் என்று அதில் பொறித்திருக்கிறது.